முட்டை வண்டிக்குள் இருந்த அலமாரி

1. தாமல் மில்லில் கோழிக்கூண்டு

கதவு உரசினால் கதவைத் தேய்க்காதே என்று என்னிடம் வேலைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது என்பதுதான் உண்மை. இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. குழித்தறியில் உட்காரப் பொறுமை இல்லாமல் ராயபுரத்தில் படகு செய்யும் பட்டறைக்கு ஓடிப்போய் எஃப்.ஆர்.பி. வேலை கற்றுக்கொண்டேன். பைபர் வேலை என்றால் உங்களுக்குப் புரியும். கண்ணாடி நூலால் ஆன 'மேட்' என்ற துணியை மோல்டில் விரித்து, ரெசின் ஊற்றி, ரோலர் போட்டுக் காற்றை வெளியேற்றிக் காயவிடுகிற வேலை. பிறகு ஊருக்கே திரும்பி ஒலிமுகமதுபேட்டையில் ஒரு ஷெட் போட்டேன். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, கல்யாண மண்டப வாசலுக்கு யானைத் தலை, சின்னக் கோயில்களுக்கு வாகனம், எது கேட்டாலும் செய்வேன். பக்கத்து ஷெட்டில் கரீம் பாய். மர வேலை, தகர வேலை இரண்டிலும் கெட்டிக்காரர். வாய் மட்டும் சும்மா இருக்காது. எனக்கும் இருக்காது. அதனால்தான் ஒத்துப்போயிற்று.

தொண்ணூறுகளின் கடைசி. ஆவணி மாதம் ஒரு காலையில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீநிவாசன் சார் சைக்கிளில் வந்து இறங்கினார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். நெற்றியில் நாமம், கையில் குடை, சட்டைப் பையில் மூன்று பேனா.

"தேவராஜ், தாமல் வரைக்கும் என்னோட வரணும். ஒரு வண்டியைப் பாத்துச் சொல்லணும். பைபர்னு சொல்றா."

தாமல் ஏரிக்கரைப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லுக்கு அழைத்துப் போனார். ஷெட்டின் மூலையில் அது நின்றது. முட்டையை நீளவாக்கில் வைத்த மாதிரி ஒரு கேரவன். காரின் பின்னால் கோத்து இழுத்துப் போகிற வீடு. இரண்டு டயரும் மண்ணோடு மண்ணாகியிருந்தன. உள்ளே கோழி அடைந்திருந்தது. எழுபதுகளில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஐரோப்பாவிலிருந்து தரை வழியாகவே இதை இழுத்துக்கொண்டு வந்தார்களாம். அந்த அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே வண்டியை மில்காரரிடம் விட்டுவிட்டு விமானத்தில் போய்விட்டார்களாம். திரும்பி வரவே இல்லை.

பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து உடம்பு முழுக்கத் தட்டினேன். பைபருக்கு இதுதான் வைத்தியம். உள்ளே படலம் பிரிந்திருந்தால் 'தொப்' என்று சத்தம் வரும். நன்றாக இருந்தால் 'டங்' என்று கேட்கும். இரண்டு மூன்று இடம் தவிர எல்லாம் டங்கென்றுதான் கேட்டது.

"வண்டி உசுரோட இருக்குது சார். ஆனா எதுக்கு இது உங்களுக்கு? இந்த வயசுல?"

அவர் கோழி எச்சத்தில் கால் வைக்காமல் ஓரமாக நின்றபடி சொன்னார். அவருடைய மனைவி கோமளம் மாமிக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. பஸ், ரயில், கார் எதுவும் ஆகாது. படுத்தால் வலி இல்லை. மாமிக்கு ஒரே ஆசை, திவ்யதேசங்களைச் சேவிக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் இருக்கிற பெருமாள்களை எல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே சேவித்தாயிற்று. மற்ற ஊர்ப் பெருமாள் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு வெளியே சாப்பிட மாட்டார்கள். ஹோட்டல் காபிகூட ஆகாது. மடியாகச் சமைத்து, பெட்டியில் கூடவே கொண்டுபோகிற பெருமாளுக்குக் காட்டிவிட்டுத்தான் சாப்பாடு.

"படுத்துண்டே போகணும், சமைச்சுண்டே போகணும். இதை விட்டா வேற என்ன வண்டி இருக்கு சொல்லுங்கோ."

நான் அப்போது யோசித்தது இவ்வளவுதான்: ஒரு மனுஷி இதற்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகப்போகிறாள். அவள் முகத்துக்கு நேர் மேலே நான் கை வைத்த கூரை இருக்கும். அந்தப் பயம் முதல் நாளே வந்தது. வந்த பயத்தை நான் மதிக்கவில்லை.

2. யார் செய்தது?

வண்டியை லாரியில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். கழுவி முடிக்கவே நான்கு நாள் ஆயிற்று. அப்புறம்தான் சிக்கல் தொடங்கியது. இது எந்த கம்பெனி வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. முன்பக்கத்தில் நீள்வட்டமாக ஒரு தடம் இருந்தது. பேர்ப்பலகையைக் காணோம். ஜன்னல் ரப்பர் என்ன அளவு, அச்சு எந்த வகை, தரைக்குள்ளே மரம் இருக்கிறதா இல்லையா, ஒன்றும் தெரியாமல் எங்கே கை வைப்பது?

"கடுதாசி போட்டா தெரிஞ்சுடும்" என்றார் சார். வாழ்நாள் முழுக்கத் தபாலை நம்பியவர். லைப்ரரியில் கிடைத்த ஒரு பழைய மோட்டார் பத்திரிகையிலிருந்து வெளிநாட்டு கேரவன் சங்கம் ஒன்றின் விலாசத்தைப் பிடித்தார். அளவுகளோடும் வண்டியின் வெளிப்பக்கப் போட்டோவோடும் நான்கு பக்கம் எழுதிப் போட்டார்.

பதில் ஐப்பசியில் வந்தது. எழுதியவர் அந்தச் சங்கத்தில் இருந்த ஒரு கிழவர். வாலிபத்தில் அந்த வண்டிகளைச் செய்த கொட்டகையில் மேட் விரிக்கிற வேலை பார்த்தவராம். மிகச் சில வண்டிகளே செய்தார்களாம், அதற்குள் கொட்டகை மூடிவிட்டதாம். பெயிண்டைச் சுரண்டினால் அடியில் வெண்ணெய் நிறம் இருக்கும், கதவுக்குக் கீழே தரையில் ஓர் எண் அழுந்தியிருக்கும் என்று எழுதியிருந்தார். எமரி பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். மூன்று கோட் பெயிண்டுக்கு அடியில் வெண்ணெய் நிறம். கதவின் கீழே எண். உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறவன், நான் தொடுகிற அதே பைபரைத் தொட்டவன், எழுதினது அப்படியே இருக்கிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கடைசி வரியில் அவர் ஒன்று கேட்டிருந்தார். 'உள்பக்கத்தில் ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுத்து உடனே அனுப்புங்கள்.'

உள்ளே பார்த்தால் கோழி கீறின தரை, உரிந்த ரெக்சின், கறை. இதையா வெள்ளைக்காரனுக்குக் காட்டுவது?

"சார், இப்படியே அனுப்புனா மானம் போயிடும். வேலய முடிச்சு பளபளன்னு எடுத்து அனுப்பலாம்" என்றேன்.

சாருக்கும் அது சரியென்று பட்டது. பெண் பார்க்க வருகிற நாளில் வீட்டைப் பெருக்குகிற புத்தி. இரண்டு பேருக்குமே இருந்தது.

3. பெருமாள் பெட்டிக்கு இடம்

கார்த்திகை மாதம் மழை விட்ட ஒரு நாளில் மாமி வண்டியைப் பார்க்க வந்தார். சைக்கிள் ரிக்‌ஷாவில் பாதி படுத்த மாதிரி சாய்ந்து வந்து, கரீம் பாய் போட்ட படியில் மெல்ல ஏறி, உள்ளே நின்று சுற்றிப் பார்த்தார். ஒல்லி உடம்பு, கணீரென்ற குரல்.

உள்ளே பின்பக்கம் படுக்கை. முன்பக்கம் அடுப்பு மேடை. கதவை ஒட்டி, தரையிலிருந்து கூரை வரைக்கும் குறுகலான ஓர் அலமாரி. துணி மாட்டுகிற அலமாரி. அதுவும் பைபர்தான்.

"இது என்னத்துக்கு நடுவுல? இங்கதானே பெருமாள் பொட்டி வரணும். அடுப்பும் படுக்கையும் படாத மூலை இது ஒண்ணுதான் இருக்கு. அதோட தெருவுலேர்ந்து ஏறி வரவா எல்லாரும் இதுல இடிச்சுண்டே வருவா. மடித்துணி எங்க போடறது?"

"எடுத்துடலாம் மாமி. இன்னா பெரிய விஷயம்?" என்றேன்.

இப்படிச் சட்டென்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் வாகனம் செய்து பழகினவன். கோயில் குதிரை வாகனமோ யானை வாகனமோ, பாரம் முழுக்க உள்ளே இருக்கிற மரச் சட்டத்துக்கும் அடியில் போகிற தண்டுக்கும். மேலே நாங்கள் போடுகிற பைபர் வெறும் தோல், அழகுக்கு. அதனால் இந்த வண்டியிலும் அடியில் இருக்கிற இரும்புச் சட்டம்தான் பாரம் சுமக்கிறது, உள்ளே இருப்பதெல்லாம் மேஜை நாற்காலி மாதிரி என்று முடிவு கட்டிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

கிரைண்டரைக் கையில் எடுத்ததும் கரீம் பாய் வந்து நின்றார். அலமாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"யோவ் தேவராஜு, இது சும்மா நிக்கிற மாதிரி தெரியலபா. கூரையோட சேத்து மேட் போட்டு ஒட்டிக்கீறான் பாரு. துணி மாட்டறதுக்கு எவனாச்சும் இவ்ளோ மேட் போடுவானா?"

"வெள்ளக்காரன் எல்லாத்துக்கும் அதிகமாத்தான் போடுவான் பாய். நீ உன் ஆணிய பாரு."

"என் ஆணிய நான் பாத்துக்கினுதான் கீறேன். அந்தக் கிழவனுக்கு ஒரு கடுதாசி போட்டுட்டு அறுக்கலாம்ல?"

"கடுதாசி போட்டு பதில் வர்றதுக்குள்ள தை பொறந்துடும். நாள் குறிச்சாச்சு."

தை மாதத்தில் கிளம்ப மாமியின் நட்சத்திரத்துக்கு ஒத்துவந்த நாள் ஒன்றுதான் இருந்தது. ஆகவே அறுத்தேன். முக்கால் மணி நேரத்தில் அலமாரி வெளியே வந்தது. துண்டு துண்டாக்கிக் குப்பையில் போட்டோம். அந்த மூலையில் கரீம் பாய் தேக்கில் ஒரு சின்ன மேடை செய்து பொருத்தினார். மாமி அடுத்த முறை வந்து பார்த்துவிட்டு, "இப்போதான் இது வீடு" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

4. ஒரு நூல்

அலமாரியை எடுத்துப் பத்து நாள் இருக்கும். கதவு உரசியது.

ஒரு நூல் அளவுதான். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை எங்கள் தொழிலில் நூல் என்போம். மேல் மூலையில் சட்டத்தில் பட்டு 'கிறீச்' என்றது. மழைக்காலம், கீல் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவின் விளிம்பில் கிரைண்டரைப் பிடித்தேன். ஜெல்கோட் என்ற மேல்பூச்சைத் தடவி மறைத்தேன். கதவு அழகாக மூடியது.

மார்கழி பாதியில் மறுபடி உரசியது. மறுபடி தேய்த்தேன். இந்தத் தடவை தேய்த்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கீல் இறங்கினால் கதவு கீழே உரசவேண்டும். இது மேலே உரசுகிறது. அப்படியென்றால் கதவு இறங்கவில்லை. மேலே இருப்பது இறங்குகிறது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது என்று சொன்னால் என் கையைவிட்டுத் தொழில் போய்விடும். தெரிந்தது. தெரிந்தும் அந்த நினைப்பை முழுசாக நினைக்க விடவில்லை. சோறு இறங்கவில்லை, வீட்டில் எரிந்து எரிந்து விழுந்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் வேலை அதிகம் என்றேன்.

அதே வாரம்தான் சார் போட்டோக்காரரைக் கூட்டிவந்து உள்பக்கத்தை மூலை மூலையாக எடுத்து, கிழவருக்கு ஏர்மெயிலில் அனுப்பினார்.

"மனுஷன் பாத்துட்டு அசந்துபோயிடுவார்" என்றார்.

கிளம்புவதற்கு முதல் நாள் மூன்றாவது தடவை உரசியது. கிரைண்டரை எடுத்துக்கொண்டு போனேன். கரீம் பாய் தன் ஷெட்டு வாசலில் நின்று பார்த்தார்.

"எத்தினி வாட்டிபா கதவ மேய்வ? கதவு தீந்துடும் போல கீதே."

"நாளைக்கு காலைல ஊரே கூடப்போவுது பாய். இப்ப போய் வண்டி சரியில்லன்னு எப்பிடி சொல்றது? அந்த அம்மா பொட்டி கட்டி வச்சிக்கினு உக்காந்திருக்குது."

"சொல்லித்தான் ஆவணும்."

"நீ வாய மூடு பாய்."

அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடியது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆனாலும் தேய்த்தேன்.

5. தேங்காய் உடைத்த காலை

வெண்ணெய் நிறத்தில் வண்டி பளபளத்தது. முன்னால் வாடகை அம்பாசிடர், பின்னால் இது. மாமி வீட்டுத் தெரு முழுக்க ஆட்கள். மஞ்சள் தடவி, பூச்சுற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். சார் எனக்குச் சால்வை போர்த்தினார். பெருமாள் பெட்டியை மேடையில் எழுந்தருளப் பண்ணிவிட்டு மாமி படுக்கையில் சாய்ந்தார்.

கதவை நான்தான் சாத்தினேன். மூடியது. கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

முதல் இரண்டு நாள் திருமுக்கூடலில் தங்குவதாக ஏற்பாடு. மூன்று ஆறு கூடுகிற இடம், பெருமாள் கோயில், கல்வெட்டு என்று சாருக்கு அந்த ஊர் மேல் பைத்தியம். பக்கத்திலேயே இருப்பதால் வண்டி எப்படி இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் மதியம் தளிகை முடித்து, செங்கல்பட்டு வழியாகத் தெற்கே பெரிய ரோட்டைப் பிடிப்பதாகத் திட்டம். பெரிய ரோடு என்றால் லாரியும் பஸ்ஸும் வேகமும். திருமுக்கூடல் வரைக்கும் மெதுவாகப் போகிற வண்டி அங்கே மெதுவாகப் போக முடியாது.

அந்த இரண்டு நாளும் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. ரெசினை இறுக்குகிற கேட்டலிஸ்டை ஊற்றினேனா இல்லையா என்று மறந்து மறுபடி ஊற்றி, ஒரு டின் கல்லாகிப் போனது.

6. படம் போட்ட கடிதம்

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குத் தபால்காரர் ஷெட்டுக்கு வந்தார். வீடு பூட்டியிருக்கும்போது வெளிநாட்டுக் கடிதம் வந்தால் என்னிடம் கொடுக்கும்படி சார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கிழவர் கையெழுத்து. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ரெசின் டின்மேல் அச்சடித்திருக்கிற இங்கிலீஷ். ஆனால் படிக்கவேண்டிய அவசியமே இல்லை. பாதிப் பக்கத்துக்குப் பேனாவால் படம் போட்டிருந்தார். வண்டியைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்ற படம். கதவை ஒட்டி அந்த அலமாரி. அதை மட்டும் மை தடிக்கத் திரும்பத் திரும்ப வரைந்து கறுப்பாக்கியிருந்தார். மேலே கூரையிலிருந்து அம்புக்குறி கீழே இறங்கி, அலமாரி வழியாகத் தரைக்கு வந்தது. அடியில் பெரிய எழுத்தில் மூன்று வரி. 'ரூஃப்', 'லோடு' என்ற இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும். 'டு நாட்' என்பதும் தெரியும். கடைசிச் சொல்லுக்குக் கீழே மூன்று கோடு இழுத்திருந்தார்.

அவர் போட்டோவைப் பார்த்து அசந்துபோகவில்லை. பயந்துபோயிருந்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கரீம் பாயிடம் நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மணி இன்னா? பன்னெண்டுக்குள்ள போனாத்தான் ஆச்சு. ஸ்கூட்டர எடு."

மூலையில் கிடந்த சவுக்குக் கட்டை ஒன்றையும் கைவாளையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டார்.

வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டான். கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் எண்ணிக்கொண்டு நின்றேன், எண்ணிக்கை தப்பிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நிமிஷமும் என் கண்ணில் தெரிந்தது ஒன்றுதான். ஒரு பள்ளத்தில் வண்டி குதிக்கிறது, கூரை நடுவில் இற்று மாமி முகத்தில் இறங்குகிறது.

"போவ மாட்டாங்கபா. ஐயருங்க சாப்ட்டு எழுந்திருக்கவே ஒரு மணி ஆவும்" என்றார் பாய்.

"ஐயங்கார் பாய்."

"எவராச்சும் இருக்கட்டும். சாப்டாம கெளம்ப மாட்டாங்க."

7. ஆற்றங்கரை

பாலாற்றுப் பாலம் தாண்டி இறங்கினதும் வெண்ணெய் நிறம் கண்ணில் பட்டது. நின்றுகொண்டிருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்ட அடுத்த நொடி பார்த்தேன், டிரைவர் காரை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான். வண்டிக் கதவு மூடவில்லை. சார் அதைத் தாம்புக் கயிற்றால் கொக்கியோடு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அடடே தேவராஜ்! நல்ல சமயத்துல வந்தேள். இந்தக் கதவு நேத்துலேர்ந்து படுத்தறது."

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க சார். மாமிய கீழ எறக்குங்க."

"என்னாச்சு?"

"எறக்குங்க சார்!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. டிரைவர் எஞ்சினை அணைத்தான். சார் கயிற்றை அவிழ்த்தார். நான் உள்ளே ஏறி நிமிர்ந்தேன். நிமிர முடியவில்லை, தலை இடித்தது. கிளம்பின அன்று அந்த இடத்தில் நான் நிமிர்ந்து நின்றிருக்கிறேன். கதவு மூலையிலிருந்து கூரை நடுவரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியது. அது முடிகிற இடத்துக்கு நேர் கீழே மாமியின் தலையணை. தலையணையில் மாமி.

கரீம் பாய் ஒன்றும் கேட்காமல் சவுக்குக் கட்டையை அளந்து அறுத்து, பெருமாள் மேடைக்குப் பக்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். மாமியை இருவருமாகப் பிடித்து இறக்கி, வேப்பமர நிழலில் ஜமக்காளம் விரித்துப் படுக்கவைத்தோம். கடிதத்தைச் சாரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது. ஆனால் முடித்ததும் என் தோளில் கை வைத்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் தேவராஜ்? இந்த மாதிரி வண்டியை நீங்கதான் பாத்திருக்கேளா, நான்தான் பாத்திருக்கேனா? இப்போ கடுதாசி வந்தப்புறம்தானே தெரியறது. நல்லவேளை, ஓடி வந்தேள்."

தப்பித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் முதலில் தோன்றியது. தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் உயிரைக் காப்பாற்றினவன் என்று பேரே கிடைத்திருக்கும். கரீம் பாய் கைவாளைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"இல்ல சார்" என்றேன். "கடுதாசிக்கு முன்னாலயே தெரியும். கதவு மூணு வாட்டி உரசுச்சு. கூரை எறங்குதுன்னு ரெண்டாவது வாட்டியே மனசுல பட்டுது. கதவ தேச்சு தேச்சு உங்களுக்கு தெரியாம மறைச்சேன். பாய் சொல்லுன்னு சொன்னாரு. நான் சொல்லல."

சார் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு நாளா அவ இதுக்கு அடியில படுத்துண்டிருக்கா" என்றார். வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆற்று மணலில் இறங்கி நடந்து போனார். திட்டியிருந்தால் தேவலை என்று நின்றேன்.

மரத்தடியிலிருந்து மாமிதான் பேசினார். குரல் கணீரென்று இல்லை.

"விரிசலை நான் இங்க வந்த அன்னிக்கே பாத்துட்டேன் தேவராஜ். வாலாஜாபாத் தாண்டறச்சே ஒவ்வொரு பள்ளத்துக்கும் மடக்குனு ஒரு சத்தம். நெஞ்சு பதறித்து. இவர்கிட்ட சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அப்புறம், சேச்சே, தேவராஜ் பண்ணின வேலை, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போறது, கூரைன்னா சத்தம் போடத்தான் போடும்னு கண்ணை மூடிண்டு பெருமாளைச் சேவிச்சுண்டே வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வயசு ஆம்பிளை, ஆற்றங்கரையில், டிரைவர் முன்னால். அவள் பயந்தாள். சரியாகத்தான் பயந்தாள். என் பேரை நினைத்து அந்தப் பயத்தை அடக்கிக்கொண்டாள்.

8. மறுபடியும்

வேறொரு டாக்சி பிடித்து, மாமியை அதன் பின்சீட்டில் படுக்கவைத்து ஊருக்கு அழைத்துப் போனார்கள். முட்டுக் கொடுத்த வண்டியை ஆள் நடக்கிற வேகத்தில் இழுத்து வந்தோம். கரீம் பாயும் நானும் பக்கத்திலேயே நடந்தோம். வழியில் அவர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜாக்கி வைத்துக் கூரையை நாளொன்றுக்கு ஒரு நூல் என்ற கணக்கில் தூக்கினோம். அவசரப்பட்டால் உடையும். கிழவருக்கு நானே எழுதுகிறேன் என்று சொல்லி, நான் தமிழில் சொல்லச் சொல்லச் சார் இங்கிலீஷில் எழுதினார். மூன்று தடவை தேய்த்ததையும் எழுதச் சொன்னேன். பதிலில் அவர் அலமாரியின் முழு அளவையும், எந்த இடத்தில் எத்தனை மேட் என்பதையும் எழுதியிருந்தார். தாங்களும் முதல் வண்டியை அலமாரி இல்லாமல்தான் செய்தோம் என்றும், அதை ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை என்றும் கடைசியில் இருந்தது.

அளவுப்படி அலமாரி செய்து கூரையோடும் தரையோடும் சேர்த்துக் கட்டினேன். ரெசினைக் கிராம் கணக்கில் நிறுத்து ஊற்றினேன். பெருமாள் பெட்டியை இனி எங்கே வைப்பது என்று மாமியிடம் நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அலமாரிக்கு உள்ளேயே மேல் தட்டுல எழுந்தருளப் பண்ணிடுங்கோ. தூண்லேர்ந்து வந்தவர்தானே, தூணோடயே இருக்கட்டும்."

சித்திரையில் மறுபடி நாள் பார்த்தார்கள். இந்தத் தடவை கூட்டம் இல்லை, சால்வை இல்லை. நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மாமி ஏறுவார் என்று நின்றேன். அவர் காருக்குப் போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"கோமளம், உன்னால உக்கார முடியாதே" என்று சார் பதறினார்.

"இருபது நிமிஷம்தானே, ஐயம்பேட்டை வரைக்கும் பல்லைக் கடிச்சுண்டு உக்காந்துப்பேன். தேவராஜ், நீங்க உள்ள படுத்துண்டு வாங்கோ. என் தலைகாணியில."

படுத்தேன். கதவு சாத்தினார்கள். முகத்துக்கு நேரே கூரை. நான் போட்ட மேட், நான் ஊற்றின ரெசின், நான் ஒட்டின அலமாரி. ஒவ்வொரு மேட்டையும் எண்ணி வைத்தவன் நான். ஆனாலும் முதல் பள்ளத்தில் வண்டி குதித்தபோது இரண்டு கையையும் முகத்துக்கு மேலே தூக்கிவிட்டேன். ஐயம்பேட்டை வரும்வரை கையை இறக்கவில்லை. கூரையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்த எதையும் நானே முதலில் ஏறி உட்காராமல் அனுப்பியதில்லை. வாகனமாக இருந்தாலும் சரி, குழந்தைகள் சறுக்குகிற சறுக்குமரமாக இருந்தாலும் சரி. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஐயம்பேட்டையில் வண்டி நின்றது. இறங்கினேன். மாமி காரிலிருந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியில் உதட்டைக் கடித்தபடி நின்றார்.

"எப்படி இருந்தது?"

"பயமா இருந்துச்சு மாமி."

"நேக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்.